வீட்டு வாசல் பாதை, லேஅவுட் சாலை: குறைந்த செலவில் எந்தத் தளம் போடலாம்?

மனை வாங்கியாச்சு, வீடும் கட்டியாச்சு. கேட்டிலிருந்து போர்ட்டிகோ வரை உள்ள 40 அடிக்கு என்ன போடுவது என்று யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். கையில் பணம் தீர்ந்து போன நேரத்தில்தான் அந்தக் கேள்வி வரும். பெங்களூரு, ஹைதராபாத், புனே என்று பெருநகரங்களின் ஓரத்தில் மனை வாங்கியவர்களுக்கு இன்னொரு தலைவலியும் உண்டு. லேஅவுட்டுக்குள் இருக்கும் மண் சாலை முதல் மழையிலேயே சேறாகிவிடும். உடனே வாட்ஸ்ஆப் குழுவில் பேச்சு தொடங்கும். ஒருவர் தார் போடலாம் என்பார், இன்னொருவர் பேவர் என்பார், மூன்றாமவர் "ஒரே தடவையா கான்கிரீட் போட்டுடலாம்" என்பார்.

மூன்று பேர் சொல்வதும் சரியாக இருக்கலாம், மூன்றும் தவறாகவும் போகலாம். மேலே எதைப் போடுகிறோம் என்பதைவிட, அது எந்த மண்ணின் மேல் கிடக்கிறது, மழைநீர் எங்கே போகிறது, எவ்வளவு எடை ஏறுகிறது, எப்போது போடுகிறோம் என்பவைதான் செலவைத் தீர்மானிக்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதல் கேள்வி: இந்த ரோடு யாருடையது?

உங்கள் காம்பவுண்டுக்குள் இருக்கும் பாதை உங்களுடையது. அதில் பிரச்னை இல்லை. லேஅவுட் சாலைக்குப் பணம் வசூலிக்கத் தொடங்கும் முன் மட்டும் கொஞ்சம் நில்லுங்கள். அந்தச் சாலையைப் போட்டுத் தரும் கடமை மனை விற்றவருக்கே இருக்கலாம்.

2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம் (ரெரா) அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு மட்டுமானதல்ல. நிலத்தை மனைகளாகப் பிரித்து விற்பதும் அதன் வரம்புக்குள் வருகிறது. சாலை, நடைபாதை, குடிநீர், கழிவுநீர், வடிகால், தெருவிளக்கு போன்றவற்றை உள்கட்டமைப்புப் பணிகள் என்று அந்தச் சட்டம் வரையறுக்கிறது. அதன் 14(3) பிரிவின்படி, மனையை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் வேலையின் தரத்தில் குறை இருப்பதாகத் தெரிவித்தால், விற்பனையாளர் 30 நாட்களுக்குள் கூடுதல் கட்டணம் வாங்காமல் அதைச் சரிசெய்ய வேண்டும்.

எனவே விற்பனை ஒப்பந்தத்தை எடுத்து, சாலை பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 'தார்ச் சாலை' என்று இருந்து, தரையில் செம்மண் மட்டுமே இருந்தால், வசூல் ரசீது அடிப்பதற்கு முன் நோட்டீஸ் அனுப்ப வேண்டும்.

இன்னும் இரண்டு விஷயங்களையும் விசாரித்துவிடுங்கள். லேஅவுட் சாலைகள் உள்ளாட்சி அமைப்பிடம் ஒப்படைக்கப்பட்டுவிட்டனவா? ஒப்படைத்திருந்தால் அனுமதியில்லாமல் நீங்கள் அதில் வேலை செய்ய முடியாது. பராமரிக்கச் சொல்லி மனு கொடுப்பதுதான் வழி. அடுத்து, உங்கள் வீட்டுக்கு வரும் வழி பிறருடைய நிலத்தின் ஊடாக வருகிறதா? அப்படியானால் நடந்துபோகவும் வண்டி கொண்டுபோகவும் உங்களுக்கு உரிமை இருக்கலாம். ஆனாலும் கான்கிரீட் கொட்டும் முன் நில உரிமையாளரின் ஒப்புதலை எழுத்தில் வாங்கிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் சாலைக்கு ஆகும் செலவைவிட வக்கீலுக்கு ஆகும் செலவு அதிகமாகிவிடும்.

தளத்துக்குக் கீழே என்ன இருக்கு?

சுமார் 200 ஆண்டுகளுக்கு முன், ஸ்காட்லாந்தில் பிறந்த ஜான் லவுடன் மெக்காடம் இங்கிலாந்தின் பிரிஸ்டல் பகுதி சாலைகளுக்குப் பொறுப்பேற்றார். வண்டியின் எடையை உண்மையில் தாங்குவது கீழே உள்ள மண்தான், அந்த மண்ணை ஈரமில்லாமல் வைத்திருந்தால் போதும் என்பது அவர் கொள்கை. சிறிய, கூர்மையான விளிம்புள்ள உடைகற்களை அடுக்காகப் பரப்பினால் அவை ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். நடுவே சற்று மேடாக வைத்தால் தண்ணீர் வழிந்தோடிவிடும். இன்றும் நம் ஊர் பொறியாளர்கள் 'டபிள்யூ.பி.எம்.' என்று சொல்வதில் உள்ள 'எம்', அந்த மெக்காடம்தான்.

அடிமண்ணைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. பாதையில் இரண்டு மூன்று இடங்களில் ஓரடி ஆழத்துக்குத் தோண்டுங்கள். கிடைக்கும் மண்ணை ஈரமாக்கிப் பிசைந்து உள்ளங்கையில் உருட்டிப் பாருங்கள். உதிர்ந்துவிட்டால் மணற்பாங்கான மண், நல்லது. நூல்போல நீண்டு, உடையாமல் வந்தால் களிமண் அதிகம், எச்சரிக்கை தேவை. கோடையில் விரல் நுழையும் அளவு வெடிப்பு விட்டு, மழையில் உப்பும் கறுப்பு மண் என்றால் அது கரிசல். மகாராஷ்டிரம், வடகர்நாடகம், தெலங்கானா, மத்தியப் பிரதேசம், குஜராத் என்று தக்காணத்தைச் சுற்றி இது பரந்து கிடக்கிறது. தமிழ்நாட்டிலும் கோவில்பட்டி, விருதுநகர் பக்கம் உண்டு.

கரிசலின் மேல் நேரடியாக எதைப் போட்டாலும் வீண். மேல்மண்ணைக் கொஞ்சம் வெட்டி எடுத்துவிட்டு, உப்பாத சரளை மண்ணை ஓர் அடுக்காகப் பரப்பி இறுக்க வேண்டும். அல்லது கரிசலோடு சுண்ணாம்பு கலந்து பதப்படுத்த வேண்டும்.

லேஅவுட் முழுவதற்கும் செலவு செய்யப்போகிறீர்கள் என்றால், மண்ணை ஆய்வகத்துக்கு அனுப்பி 'சி.பி.ஆர்.' சோதனை செய்துவிடுங்கள். ஊறிய நிலையில் மண் எவ்வளவு தாங்கும் என்பதைச் சதவீதமாகச் சொல்லும் சோதனை இது. 2-க்கும் கீழே என்றால் மோசமான மண், 10-க்கு மேல் என்றால் கவலை குறைவு. சிவில் துறை உள்ள பல பொறியியல் கல்லூரிகளில் இந்த வசதி உண்டு.

அடுத்தது தண்ணீர். சாலையின் நடுப்பகுதி ஓரங்களைவிட உயரமாக இருக்க வேண்டும். இதைத்தான் கேம்பர் என்கிறார்கள். சரளைச் சாலைக்குச் சுமார் 4 சதவீதம், தாருக்கு 2.5 முதல் 3, கான்கிரீட்டுக்கு 2 என்பது நடைமுறை. சதவீதம் குழப்பமாக இருந்தால் இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: 10 அடி அகல சரளைப் பாதையில் நடுப்பகுதி ஓரத்தைவிடச் சுமார் 6 செ.மீ. உயரமாக இருக்க வேண்டும். வழிந்த நீரை வாங்கிக்கொள்ள ஓரத்தில் கால்வாயும் வேண்டும். கேம்பர் இருந்து கால்வாய் இல்லாவிட்டால், தண்ணீர் ஓரத்தில் தேங்கி அங்கிருந்து அடிமண்ணை ஊறவைக்கும். சாலைகள் பெரும்பாலும் ஓரத்திலிருந்து உடைவது இதனால்தான்.

சரளை, ஜல்லி: கம்மி விலை, ஆனா சும்மா கொட்டினா போதாது

செலவு குறைவான தளம் இதுதான். இதில் வழக்கமாக நடக்கும் தவறும் ஒன்றுதான்: ஒரு லோடு முக்கால் ஜல்லியை இறக்கி, மண்வெட்டியால் பரப்பிவிட்டு 'ரோடு ரெடி' என்பது. ஒரே அளவுள்ள கற்கள் ஒன்றையொன்று பிடிக்காது. சக்கரம் ஏறினால் நகரும், பிரேக் போட்டால் சிதறும், மழையில் சேற்றுக்குள் புதைந்து காணாமல் போகும்.

சரியான முறையில் மூன்று அடுக்கு வேலை உண்டு. அடிமண்ணை ஈரப்படுத்தி ரோலரால் இறுக்குவது முதல் வேலை. அதன் மேல் பெரிய அளவு உடைகல்லை 4 முதல் 6 அங்குலம் பரப்பி இறுக்கி, இடுக்குகளில் சிறு ஜல்லியும் கிரஷர் தூளும் நிரப்பி, தண்ணீர் விட்டு மறுபடி உருட்டுவது இரண்டாவது. கொஞ்சம் களித்தன்மை உள்ள சரளை மண்ணை மேலே பரப்பி இறுக்குவது மூன்றாவது. அந்தக் களிதான் பசைபோலப் பிடித்து வைக்கிறது. ஆற்றங்கரை உருண்டைக் கூழாங்கல் பார்க்க அழகு, சாலைக்கு ஆகாது.

இதன் நன்மைகள் பெரியவை. மழைநீரின் ஒரு பகுதி நிலத்துக்குள் இறங்கும். பைப் போடத் தோண்டினால் மூடிவிடலாம். நாளைக்கு மேலே தாரோ கான்கிரீட்டோ போட நினைத்தால், இன்று போட்ட ஜல்லி அதற்கு அடித்தளமாகிவிடும், பணம் வீணாகாது.

குறைகளும் உண்டு. கோடையில் புழுதி பறக்கும். ஆண்டுக்கு ஒருமுறையாவது, பொதுவாக மழைக்காலம் முடிந்ததும், பள்ளங்களை நிரப்பிக் கேம்பரைச் சரிசெய்ய வேண்டும். சரிவான இடத்தில் நிற்காது. 100 அடி நீளத்துக்கு 10 அடி ஏறும் பாதை என்றால் ஒரு பெருமழை போதும், மேல்கல் எல்லாம் கேட்டுக்கு வந்துவிடும்.

தார்: நீளமான சாலைக்கு சரி, சின்ன வேலைக்கு கஷ்டம்

நாட்டின் கிராமச் சாலைகளில் பெரும்பகுதி மெல்லிய தார்ச் சாலைதான். 2000-ஆம் ஆண்டு டிசம்பர் 25-இல் தொடங்கிய பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில், இறுக்கிய ஜல்லி அடித்தளத்தின் மேல் 20 மி.மீ. பிரிமிக்ஸ் தார்க் கலவையைப் பரப்பி, அதற்கு மேல் சீல் கோட் அடிப்பது பரவலான முறை. அதாவது மேலே தெரியும் கறுப்பு, நம் சுண்டுவிரலின் கனத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம். எடையைத் தாங்குவது அதன் கீழே இருக்கும் ஜல்லி. தார் செய்யும் வேலை தண்ணீர் உள்ளே போகாமல் தடுப்பதும், புழுதியை அடக்குவதும்.

இதைத் தெரிந்துகொண்டால் ஏமாற மாட்டீர்கள். மண்மேல் நேரடியாக 'தார் ஷீட்' போட்டுத் தருகிறேன் என்று யாராவது குறைந்த விலை சொன்னால், அந்த விலையில் அடித்தளம் இல்லை என்று பொருள்.

சூடான தார்க் கலவை பிளாண்ட்டிலிருந்து சுமார் 150 டிகிரி வெப்பத்தில் லாரியில் வரும். ஆறுவதற்குள் பரப்பி உருட்டிவிட வேண்டும். பிளாண்ட் தொலைவில் இருந்தாலோ, வேலை ஒரு லாரி அளவுகூட இல்லை என்றாலோ தரமும் போகும், விலையும் ஏறும். அதனால் தனி வீட்டு வாசலுக்குத் தார் பெரும்பாலும் கட்டுப்படியாகாது. பக்கத்தில் அரசு சாலை வேலை நடக்கும்போது அதே கான்ட்ராக்டரிடம் பேசினால் செலவு குறையும். சூடு தேவைப்படாத எமல்ஷன் வகைத் தாரைக் கொண்டு கோல்ட் மிக்ஸ் முறையில் சிறிய வேலைகளைச் செய்யலாம். குழி அடைக்க அது நல்ல வழி.

தாருக்கு இரண்டு எதிரிகள்: தேங்கும் தண்ணீரும், சொட்டும் ஆயிலும். டீசல், இன்ஜின் ஆயில் பட்ட இடம் இளகிவிடும். தினமும் வண்டி நிறுத்தும் இடத்தில் தார் வேண்டாம்.

தமிழ்நாட்டோடு தொடர்புள்ள ஒரு தகவல்: கழிவு பிளாஸ்டிக்கைத் துண்டாக்கிச் சூடான ஜல்லியின் மேல் பூசிப் பிறகு தார் கலக்கும் முறையை உருவாக்கியவர் மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன். 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. இந்த முறைக்கு இந்திய சாலைகள் காங்கிரஸ் 2013-இல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. உங்கள் பகுதி பிளாண்ட்டில் இந்த வசதி இருக்கிறதா என்று கேட்டுப்பார்க்கலாம்.

பேவர்: கழற்றி மாட்டலாம் என்பதே பெரிய பலம்

கான்கிரீட் பேவர் கற்களுக்கு ஐ.எஸ். 15658 என்ற இந்தியத் தர நிர்ணயம் இருக்கிறது. கார், பைக் மட்டும் போகும் வாசலுக்கு 60 மி.மீ. கனம் போதும். தண்ணீர் லாரி, பள்ளி வேன் வரும் லேஅவுட் சாலைக்கு 80 மி.மீ. வேண்டும். நடைபாதைக்கான 50 மி.மீ. கல்லை வாசலில் போட்டு, ஆறே மாதத்தில் உடைந்துவிட்டது என்று கல்லைத் திட்டுவதில் அர்த்தமில்லை.

பேவரின் பலம், பிரித்துப் போட முடிவதில்தான். குழாய் வெடித்தாலும், ஃபைபர் கேபிள் புதைக்க வேண்டியிருந்தாலும் கற்களை எடுத்து அடுக்கி வைத்து, வேலை முடிந்ததும் அதே கற்களைத் திரும்பப் பதிக்கலாம். அடிமண் கொஞ்சம் அசைந்தாலும் பேவர் சேர்ந்து அசைந்துகொடுக்கும், கான்கிரீட்போல வெடிக்காது.

சொதப்பும் இடங்கள் நான்கு:

• அடித்தளம் இல்லாமல் மண்மேல் கிரஷர் தூளைப் பரப்பிக் கல் பதிப்பது. சக்கரத் தடத்தில் பள்ளம் விழும். கீழே 4 முதல் 6 அங்குலம் இறுக்கிய ஜல்லி வேண்டும்.

• பள்ளத்தை மணலால் நிரப்பி மட்டம் பார்ப்பது. பேவருக்குக் கீழே மணல் படுகை 20 முதல் 40 மி.மீ. மட்டும் இருக்க வேண்டும்.

• ஓரக்கல் வைக்காமல் விடுவது. பிடிமானம் இல்லாத ஓரத்தில் முதலில் ஒரு கல் நகரும், அப்புறம் வரிசையே நகரும். செலவைக் குறைக்க ஓரக்கல்லை வெட்டுவதுதான் இருப்பதிலேயே மோசமான சிக்கனம்.

• இடுக்கில் சிமென்ட் பால் ஊற்றுவது. இடுக்குக்கு உலர்ந்த நுண்மணலே சரி. சிமென்ட் ஊற்றினால் பேவரின் பலமே போய்விடும்.

வண்டி திரும்பும் இடத்தில் கற்களை நேர் வரிசையாக அடுக்காமல், மீன்முள் வடிவில் அடுக்கச் சொல்லுங்கள். அந்த அமைப்பு திருப்பத்தின் இழுவையை நன்றாகத் தாங்கும்.

கான்கிரீட்: ஒருதடவை செலவு, ஆனா ஒருதடவைதான் வாய்ப்பு

சரியாகப் போட்டால் நீண்ட காலம் உழைப்பது கான்கிரீட்தான். சரிவான பாதைக்கும், தண்ணீர் ஓடும் இடத்துக்கும், வண்டி நிறுத்தும் இடத்துக்கும் அதுவே பொருத்தம். தவறாகப் போட்டால் திருத்த வழியில்லை, உடைத்து அள்ளத்தான் வேண்டும்.

கார் மட்டும் வரும் வாசலுக்கு 4 முதல் 5 அங்குலம், லாரி வரும் லேஅவுட் சாலைக்கு 6 அங்குலமோ அதற்கு மேலோ வேண்டும். சாலைக்கு எம்-30 தரம் கேளுங்கள். வீட்டுக் கூரைக்குப் போட்ட அதே கலவை இதற்குப் போதும் என்று நினைக்க வேண்டாம்.

கான்கிரீட் காயும்போது சுருங்கும். சுருங்கினால் விரியும். அந்த விரிசல் எங்கே வர வேண்டும் என்று நாமே தீர்மானிக்கலாம். சுமார் 3 மீட்டருக்கு (10 அடி) ஒரு இடத்தில், தளத்தின் கனத்தில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்கு கட்டர் வைத்துக் கோடு வெட்டிவிட்டால், விரிசல் அந்தக் கோட்டுக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். இதைப் போட்ட மறுநாளுக்குள் செய்துவிட வேண்டும். "ஒரு வாரம் கழிச்சு வெட்டலாம் சார்" என்றால், அதற்குள் கான்கிரீட் தானே ஒரு இடத்தைத் தேர்ந்தெடுத்திருக்கும்.

இரண்டாவது, நீராற்றுதல். இந்தியத் தர நெறியான ஐ.எஸ். 456, சாதாரண சிமென்ட்டுக்குக் குறைந்தது 7 நாட்கள், ஃபிளை ஆஷ் போன்றவை கலந்த சிமென்ட்டுக்கும் வெயில் கொளுத்தும் இடங்களுக்கும் 10 நாட்கள் ஈரமாக வைத்திருக்கச் சொல்கிறது. இன்று கடையில் கிடைப்பதில் பெரும்பாலானவை கலப்பு வகை சிமென்ட்தான். எனவே 10 நாள் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். காலையில் ஒருமுறை தண்ணீர் தெளிப்பது போதாது. சாக்கு விரித்தோ பாத்தி கட்டியோ ஈரம் நிற்க வேண்டும்.

மூன்றாவது, கலவை லாரி வந்ததும் இளக்கமாக இருக்கட்டும் என்று கூடுதல் தண்ணீர் ஊற்றுவது. வேலை சுலபமாகும், வலிமை குறையும். நீங்கள் பக்கத்தில் நின்று தடுக்க வேண்டிய இடம் இது.

தளம் போடும் முன், குறுக்கே நான்கு அங்குல பி.வி.சி. குழாய்கள் இரண்டைப் புதைத்து, இரு முனையையும் மூடி வைத்துவிடுங்கள். நாளை கேபிளோ தண்ணீர்க் குழாயோ கொண்டுபோக வேண்டுமென்றால் அந்தக் குழாய் வழியாகவே விடலாம், தளத்தை உடைக்க வேண்டியிருக்காது.

முழுசா போடணும்னு யார் சொன்னது?

செலவைக் குறைக்கும் நல்ல வழி, பரப்பளவைக் குறைப்பது.

வீட்டு வாசலில் காரின் சக்கரங்கள் ஓடுவது இரண்டு தடங்களில் மட்டும். 2 அடி அகலத்தில் இரண்டு கான்கிரீட் பட்டைகள், நடுவில் 3 அடி இடைவெளி போதும். இடைவெளியில் புல்லோ ஜல்லியோ இருக்கலாம். 10 அடி அகலம், 40 அடி நீளம், 5 அங்குல கனத்துக்கு முழுத் தளம் போட்டால் சுமார் 167 கன அடி கான்கிரீட் வேண்டும். இரண்டு பட்டைகளுக்கு 67 கன அடி போதும். கலவையில் 60 சதவீதம் மிச்சம்.

மழைநீர்க் கணக்கும் இதில் சேரும். அந்த 400 சதுர அடியில் 50 மி.மீ. மழை பெய்தால் விழும் நீர் சுமார் 1,850 லிட்டர். முழுக் கான்கிரீட் என்றால் கிட்டத்தட்ட அவ்வளவும் தெருவுக்கோ பக்கத்து வீட்டுக்கோ ஓடும். பட்டைகள் என்றால் ஒரு பகுதி உங்கள் நிலத்திலேயே இறங்கும்.

லேஅவுட் சாலை 30 அடி அகலம் என்றால் 30 அடிக்கும் தார் போட வேண்டியதில்லை. நாட்டில் ஒற்றை வழிச் சாலையின் நிலையான அகலமே 3.75 மீட்டர்தான், அதாவது சுமார் 12 அடி. நடுவில் 12 அடிக்குக் கெட்டித் தளம், இருபுறமும் இறுக்கிய சரளை, கடைசியில் கால்வாய் என்று வைத்தால் 500 அடி நீளத்துக்கு 15,000 சதுர அடி என்பது 6,000 ஆகக் குறைகிறது.

உள்ளூர் கல்லையும் மறக்க வேண்டாம். கொங்கணிலும் கேரளத்திலும் செம்பாறைக்கல், தெலங்கானாவில் தாண்டூர் கல், ஆந்திரத்தில் கடப்பா, கர்நாடகத்தில் கிரானைட் வெட்டுத் துண்டுகள் என்று பக்கத்துக் குவாரியில் கிடைப்பது போக்குவரத்துச் செலவைக் குறைக்கும். பலகைக் கல் வாங்கினால் கனத்தைப் பாருங்கள். தரைக்குப் போடும் மெல்லிய கல் காரைத் தாங்காது. டெல்லி, ஹைதராபாத் போன்ற நகரங்களில் கட்டட இடிபாடுகளை அரைத்து ஜல்லியும் பேவரும் தயாரிக்கும் நிலையங்கள் இருக்கின்றன. டெல்லி புராரியில் உள்ளது 2009-இலிருந்து இயங்குகிறது. வாசல் பாதையின் அடித்தளத்துக்கு இந்த ஜல்லி நன்றாகவே உதவும்.

எப்போ போடணும்? இதுதான் பலர் கேட்காத கேள்வி

சாலையைக் கெடுப்பது வண்டிகளின் எண்ணிக்கையைவிட, ஒவ்வொரு அச்சிலும் ஏறும் எடை. 1950-களின் இறுதியில் அமெரிக்காவில் நடந்த பெரிய சாலைச் சோதனையிலிருந்து ஒரு கைக்கணக்கு பிறந்தது: அச்சின் எடை இரண்டு மடங்கானால் சேதம் சுமார் 16 மடங்கு, பத்து மடங்கானால் சுமார் 10,000 மடங்கு. இது தோராயம்தான், ஆனால் சொல்ல வரும் செய்தி தெளிவு. ஒரு காரின் அச்சில் ஒரு டன்னுக்கும் குறைவான எடை. 2018-இல் திருத்தப்பட்ட விதிப்படி மூன்று அச்சு லாரி ஒன்று மொத்தம் 28.5 டன் வரை போகலாம்.

இப்போது உங்கள் லேஅவுட்டை நினைத்துப் பாருங்கள். 60 மனைகளில் 12 வீடுகள்தான் எழுந்திருக்கின்றன. இன்னும் 48 வீடுகளுக்கு செங்கல், எம்-சாண்ட், கம்பி, ரெடிமிக்ஸ் எல்லாம் இந்தச் சாலை வழியாகத்தான் வர வேண்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் குடிநீர், கழிவுநீர் இணைப்புக்காகக் குறுக்கே வெட்டவும் போகிறார்கள். இந்த நிலையில் கார்களுக்கான மெல்லிய தளத்தைப் போட்டால், முதலில் வீடு கட்டியவர்கள் கொடுத்த பணத்தைப் பின்னால் கட்டுபவர்களின் லாரிகள் மென்றுவிடும்.

அதனால் இரண்டு கட்டமாகச் செய்வது புத்திசாலித்தனம். முதலில் கால்வாய், கேம்பர், இறுக்கிய ஜல்லி அடித்தளம். லாரிகள் ஓட ஓட அது இன்னும் இறுகும், பள்ளம் விழுந்த இடம் பலவீனமான இடத்தைக் காட்டிக்கொடுக்கும். பெரும்பாலான வீடுகள் முடிந்து, குழாய்களும் புதைத்தான பிறகு மேல்தளம். அதுவரை காத்திருப்பவர்களுக்குப் புழுதி ஒரு தொல்லைதான், மறுப்பதற்கில்லை. தண்ணீர் தெளிப்பதும், நுழைவாயிலில் மட்டும் கொஞ்ச தூரம் கெட்டித் தளம் போடுவதும் அதைக் குறைக்கும்.

கணக்கு போட்டுப் பார்ப்போமா?

ஜல்லி, சரளை வாங்கும்போது தமிழ்நாட்டில் 'யூனிட்', மகாராஷ்டிரத்தில் 'பிராஸ்' என்பார்கள். இரண்டும் 100 கன அடிதான். 400 சதுர அடிக்கு 6 அங்குல இறுகிய அடித்தளம் என்றால் 200 கன அடி. உருட்டும்போது அமுங்கும் என்பதால் 25 சதவீதம் கூட்டி 250 கன அடி, அதாவது இரண்டரை யூனிட் வாங்க வேண்டும். கொட்டேஷனில் ஒரு யூனிட் மட்டும் இருந்தால், கனம் இரண்டரை அங்குலத்துக்கும் குறைவாகத்தான் வரப்போகிறது.

விலையை ஒப்பிடும்போது போடும் செலவை மட்டும் பார்க்காமல் பராமரிப்பையும் சேர்த்துப் பாருங்கள். விளக்கத்துக்காக ஓர் எடுத்துக்காட்டு (உண்மை விலை அல்ல): ஒரு தளத்துக்கு முதலில் 100 ரூபாய், பிறகு ஆண்டுக்கு 10 ரூபாய். இன்னொன்றுக்கு முதலில் 250 ரூபாய், ஆண்டுக்கு 2 ரூபாய். 10 ஆண்டுகளில் முதலாவதுக்கு 200, இரண்டாவதுக்கு 270. 20 ஆண்டுகளில் 300, 290. அதாவது விலை கூடிய தளம் லாபமாக மாற 19 ஆண்டுகள் ஆகின்றன. நீங்கள் அந்த வீட்டில் எத்தனை ஆண்டு இருக்கப் போகிறீர்கள்?

இதில் எண்ணில் வராத ஒரு செலவும் இருக்கிறது. சரளைச் சாலையின் அந்த ஆண்டுச் செலவை யார் வசூலிப்பார்கள்? சுறுசுறுப்பான சங்கம் இருந்தால் சரளை லாபம். வசூல் கேட்டாலே குழுவை விட்டு வெளியேறும் ஆட்கள் அதிகம் என்றால், ஒருமுறை அதிகம் செலவழித்துப் பராமரிப்பு குறைந்த தளத்தைப் போடுவதே நல்லது.

எங்கே எது பொருந்தும்?

• சமதள வாசல், ஒரு கார், குறைந்த பட்ஜெட்: இறுக்கிய ஜல்லி, அதன் மேல் இரண்டு கான்கிரீட் பட்டைகள்.

• சரிவான வாசல், கீழே தெரு: கான்கிரீட், குறுக்குவாட்டில் துடைப்பக் கோடு போட்ட சொரசொரப்போடு. அடியில் குறுக்கே ஒரு கிரில் கால்வாய்.

• கரிசல் மண்: சரளை அடுக்கு, அதன் மேல் ஜல்லி அல்லது பேவர். மெல்லிய கான்கிரீட் வேண்டாம்.

• குழாய், கேபிள் வேலை இன்னும் முடியாத இடம்: பேவர் அல்லது ஜல்லி.

• நீளமான, வீடுகள் நிறைந்துவிட்ட லேஅவுட் சாலை: நல்ல அடித்தளமும் வடிகாலும் இருந்தால் தார். தண்ணீர் தேங்கும் தாழ்வான பகுதிக்கு மட்டும் கான்கிரீட்.

• பண்ணை வீடு, வாரக் கடைசியில் மட்டும் போக்குவரத்து: சரளை. ஏற்றமான இடத்தில் மட்டும் கல் அல்லது கான்கிரீட்.

கொட்டேஷனில் எழுத்தில் வாங்க வேண்டியவை

வாய்ப்பேச்சில் எல்லாரும் நல்ல ரோடுதான் போடுவார்கள். ஆர்டர் கொடுக்கும் முன் இவை காகிதத்தில் இருக்கட்டும்:

• ஒவ்வொரு அடுக்கின் கனமும், அது இறுகிய பிறகான கனம் என்ற குறிப்பும்.

• எந்த ரோலர், எத்தனை அடுக்காக இறுக்குவது. 6 அங்குலத்துக்கு மேல் ஒரே அடுக்காகக் கொட்டி உருட்டினால் அடிப்பகுதி இறுகாது.

• கேம்பர் எவ்வளவு, தண்ணீர் எந்தப் பக்கம் போகும், எதில் சேரும்.

• முடிந்த தளத்தின் மட்டம். அது வீட்டின் தரை மட்டத்துக்கும் காம்பவுண்டுக்குள் உள்ள சம்ப் மூடிக்கும் கீழே இருக்க வேண்டும். சாலை உயர்ந்தால் வெள்ளம் வீட்டுக்குள்தான் வரும்.

• பேவருக்குக் கனம், தரம், ஓரக்கல். கான்கிரீட்டுக்குத் தரம், வெட்டுக்கோடு, நீராற்றும் நாட்கள்.

• அடித்தளம் முடிந்ததும் நீங்கள் பார்த்துச் சம்மதித்த பிறகே மேல்தளம் என்ற நிபந்தனையும், பணம் அதற்கேற்பத் தவணையாக என்பதும்.

• குறைபாட்டுப் பொறுப்புக் காலம். பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில் கான்ட்ராக்டர் 5 ஆண்டு பராமரிப்பையும் சேர்த்தே ஒப்பந்தம் போடுகிறார். தனியார் வேலையில் அவ்வளவு கிடைக்காமல் போகலாம். ஆனாலும் இரண்டு மழைக்காலமாவது கேளுங்கள், கடைசித் தவணையை அதுவரை நிறுத்தி வையுங்கள்.

தெருவோரக் கால்வாயை மூடி ரேம்ப் கட்டுவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். மாநகராட்சி வந்து இடித்தால் அந்தச் செலவும் உங்கள் தலையில்தான். உங்கள் வாசலில் அடைபடும் தண்ணீர் மேல்வீட்டுக்காரரின் வாசலில் தேங்கும். கேட்டுக்கு உள்ளேயே சரிவை முடித்துக்கொள்ள இடம் விடுங்கள்.

கையில் இருக்கும் பணம் எல்லாவற்றுக்கும் போதாது என்றால், கீழிருந்து மேலாகச் செலவழியுங்கள். முதலில் கால்வாய், அடுத்து இறுக்கிய அடிமண், பிறகு ஜல்லி. பணம் அதோடு தீர்ந்துவிட்டால்கூட, வண்டி சேற்றில் சிக்காத ஒரு பாதை உங்களுக்குக் கிடைத்திருக்கும். அடுத்த ஆண்டு போனஸ் வந்ததும் அதன் மேல் எதை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம்.